கொலுமண்டபத்தில் வைத்த உலை

செம்பாறைச் சீமைக்கு ராஜா உத்தமராயர். கேட்டவனுக்குச் சோறு போடுவார், வழியெல்லாம் சத்திரம் கட்டுவார். ஆனால் தங்கம் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், புத்தி வேலைக்குப் போகாமல் லீவு எடுத்துக்கொள்ளும்.

அந்தச் சீமையின் மலைக்குள்ளே சின்னதாக ஒரு சுரங்கம் இருந்தது. அங்கே வெட்டிய கல்லை உரலில் இடித்து, பொடியைத் தண்ணீரில் அலசுவார்கள். அடியில் ஒரு சிட்டிகை தங்கம் தங்கும். மிச்சத்தை வறுத்து உலையில் உருக்கினால் செம்பு. ஒரு வண்டிக் கல்லை இடித்தாலும் மூக்குத்திக்குக்கூடத் தங்கம் தேறாது.

ராஜாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதையே உத்தியோகமாகப் பார்த்தவன் அம்பலத்தாடி. இந்த ஜனங்கள் படும் பாட்டை ராஜா கண்ணால் பார்த்தால் விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெயாவது கொடுப்பாரே என்று நினைத்து, அவன்தான் ராஜாவைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனான். பாவம், நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்கினான்.

உள்ளே போனதும் ராஜா வாயைப் பிளந்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் அங்கங்கே பெரிய பெரிய கல்தூண்கள் மஞ்சள் மஞ்சளாக மின்னின.

"அடேயப்பா! இதையெல்லாம் ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள்?"

"கூரையைத் தாங்க விட்டுவைத்தது, மகாராஜா," என்றான் சுரங்க மூப்பன் காடப்பன். "வெட்டிக்கொண்டே போகும்போது நடுநடுவே இப்படிக் கல்லை விட்டுவிடுவோம். மலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதுதான். இந்த மினுமினுப்பும் தங்கம் இல்லை, செம்புக்கல்."

மந்திரி சேனாதிராயர் பக்கத்தில்தான் நின்றார். காடப்பன் இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"பார்த்தீர்களா பிரபு? நல்ல சரக்கையெல்லாம் தூண் என்று சொல்லி ஒளித்து வைத்திருக்கிறான், திருட்டுப்பயல்."

"வெட்டினால் கூரை விழாதா, மந்திரி?"

"இத்தனை வருஷமாக நிற்கிற கூரை. நின்று நின்று பழகிவிட்டது. இனிமேலா விழப்போகிறது?" என்று மந்திரி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

ராஜாவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. "நாளைக்குள் எல்லாத் தூணையும் வெட்டு, காடப்பா. இல்லையென்றால் உன் கழுத்தை வெட்டச் சொல்வேன்," என்று சொல்லிவிட்டுப் பல்லக்கு ஏறினார்.

சாயங்காலம் காடப்பன் அம்பலத்தாடி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சாமி, வெட்டினால் என் ஆட்கள் அத்தனை பேரும் கல்லுக்கடியில். வெட்டாவிட்டால் நான் ஒருத்தன்தானே? நானே போய்விடுகிறேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்."

அம்பலத்தாடிக்கு நம்மால் அல்லவா வந்தது இந்த வினை என்று மனசு அடித்துக்கொண்டது. அதை வெளியே காட்டாமல், "போடா பைத்தியக்காரா! நாளைக் காலையில் உன் ஆட்களோடு அரண்மனைக்கு வா. சம்மட்டி, உளி, உரல், தொட்டி, துருத்தி, ஒன்று விடாமல் கொண்டுவா," என்றான்.

மறுநாள் ராஜா கொலுமண்டபத்துக்குள் காலை வைத்தார். ஒரே புகை! சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பெண்கள் உரல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினக் கம்பளத்தின் மேல் அலசுகிற தொட்டி. மந்திரியின் ஆசனத்தருகே உலை, அதற்குத் துருத்தி ஊதிக்கொண்டிருந்தான் ஒருவன். ராஜாவின் அப்பா தங்கத்தகடு வேய்ந்து வைத்த நடுத்தூணில் உளியை வைத்தபடி காடப்பன்.

டங்!

மேலேயிருந்து காரை உதிர்ந்து ராஜாவின் கிரீடத்தில் விழுந்தது.

"அம்பலத்தாடி! என்ன கூத்து இது?"

"தங்கம் எடுக்கிறோம், பிரபு. தங்கத்துக்காகத் தூணை வெட்டச் சொல்லித் தாங்கள்தானே உத்தரவு போட்டீர்கள்? மலைக்குப் போவானேன், வீட்டிலேயே தூண் இருக்கிறதே!"

"அட மடையா! தங்கம் வேண்டுமென்றால் தகட்டை உரி. தூணை ஏன் உடைக்கிறாய்?"

"சுரங்கத் தூணில் தகடு இல்லையே, பிரபு. இருக்கிற துளித் தங்கமும் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. முழுத்தூணையும் இடித்துப் பொடியாக்கினால்தான் வரும். அதே முறைப்படி இங்கேயும் செய்கிறோம்."

"கூரை என் தலையில் விழும், ஐயா!"

"விழாது பிரபு. இந்தக் கூரையும் எத்தனையோ வருஷமாக நிற்கிறது. நன்றாகப் பழகியிருக்கும். சந்தேகமிருந்தால் மந்திரியைக் கேளுங்கள்."

எல்லோரும், மைத்துனனோடு வந்து நின்ற சேனாதிராயரைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது வந்து... அது வேறு, இது வேறு..." என்று மென்று விழுங்கினார்.

"ஒரு வித்தியாசமும் இல்லை," என்றான் அம்பலத்தாடி. "மகாராஜா வாசலில் நின்று பார்க்கட்டும். மந்திரியும் மைத்துனரும் தூணடியில் சம்மணம் போட்டு உட்காரட்டும். காடப்பா, ஓங்கிப் போடு!"

காடப்பன் சம்மட்டியைத் தூக்கியதுதான் தாமதம். "ஐயோ, கூரை விழுந்துடும்! கூரை விழுந்துடும்!" என்று அலறிக்கொண்டு மந்திரி ஓடினார். மைத்துனன் அவருக்கும் முன்னால் ஓடினான். ஓடுகிற வேகத்தில் இருவரும் இடித்துத் தள்ளியது யாரை? சாட்சாத் மகாராஜாவைத்தான்.

ராஜா தரையில் உட்கார்ந்தபடியே கூரையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். கடைசியில் காடப்பனைப் பார்த்தார். முகம் சிறுத்துப்போனது.

"சம்மட்டியைக் கீழே வை, அப்பா. இங்கேயும் தூணைத் தொடாதே, அங்கேயும் தொடாதே. நீதான் மூப்பன். விளக்குக்கு வேண்டிய மட்டும் எண்ணெய் வாங்கிக்கொள்."

காடப்பன் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டான்.

எல்லோரும் போனபிறகு ராஜா கேட்டார்: "ஏன்டா அம்பலத்தாடி, நிஜமாகவே கூரை என்மேல் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"நான் என்ன செய்வேன், பிரபு? அழுது முடித்துவிட்டு, உரலும் தொட்டியும் உலையும்தான் தயாராக இருக்கிறதே என்று உங்களையும் சேர்த்து இடித்து அலசியிருப்பேன். நீங்கள் மாட்டியிருக்கிற நகைக்கு, அந்தச் சுரங்கம் ஏழு தலைமுறைக்கும் தராத தங்கம் தேறியிருக்கும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமலே கழுத்தில் கிடந்த பெரிய சங்கிலியைக் கழற்றி அவன் கையில் திணித்தார்.

"இந்தாடா, இடிக்காமலே எடுத்துக்கொள்!"