எந்தச் சாமிக்கு?

"நான் கிளம்பறேன், அம்மா. பெட்டி கட்டியாச்சு. மத்தியான பஸ்."

குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆசிரமத்தில் எல்லாருக்கும் அவர் அம்மா. கிளம்புகிற சீடர் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்ன குறை, சாமி?"

அங்கே எல்லாருமே சாமிதான். ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிற கடவுளைக் கும்பிடுவதாக ஏற்பாடு. கும்பிடும்போது கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கலாம் என்றுதான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"வீட்ல பேச ஆளில்லன்னு இங்க வந்தேன். இங்கயும் இல்ல. நாளைக்கு நான் செத்தாலும் சாப்பாட்டு மணி அடிக்கும்."

"அடிக்காம? மத்தவங்களுக்குப் பசிக்குமே."

சீடருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, போங்க. இன்னிக்கு ரசம் மட்டும் பரிமாறிட்டுப் போங்க. ஆனா இலையைப் பார்க்கக் கூடாது."

"பின்ன எதைப் பார்க்கிறது?"

"இலைக்குப் பின்னால யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

பந்தியில் பேசக் கூடாது என்பது விதி. முதல் கரண்டி ரசம் ஒருவர் தொடையில் விழுந்தது. விதி போயிற்று.

"ஐயோ, சுடுது சாமி!"

அடுத்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கு முன்பல் இல்லை என்பதே சீடருக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது ஆள் தினமும் சீடருக்குப் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர். சோற்றைத் தொடவேயில்லை. ஆனால் முகம்! கொதிக்கிற பால் பொங்குவதற்கு முன்னால் இருக்குமே, அப்படி.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன சாமி? என்ன விஷயம்?"

"பேத்தி!" வெடித்தார் அவர். "விடியக்காலைல பொறந்திருக்கா! யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம நம்ம பசுமாட்டுகிட்ட சொல்லிட்டு வந்தேன்!"

சீடர் வாளியும் கையுமாகக் கூடத்தின் நடுவே ஓடினார்.

"எல்லாரும் கேளுங்க! சாமிக்குப் பேத்தி பொறந்திருக்கா!"

பந்தி மொத்தமும் நிமிர்ந்தது.

"எந்தச் சாமிக்கு?"

சீடர் திரும்பி வந்து அந்த இலைக்கு முன்னால் குந்தினார்.

"உங்க... பேரு?"

"பொன்னுரங்கம். உங்க பேரு?"

"வைத்திலிங்கம்."

யாரும் கேட்காமலே கடைக்கோடி இலையிலிருந்து ஒரு குரல் கூவியது:

"நான் மாசிலாமணி!"