குருவம்மா சிரித்ததில் போனது

வீரபூபதி ஜமீன்தாரின் மீசை மேல் சத்தியம் பண்ணினால் அந்த ஊரில் திருடனைக்கூட விட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மீசை! அவர் அரண்மனையில் பெண்கள் சிரிக்கக் கூடாது என்பது சட்டம்.

ஒருநாள் விருந்துப் பந்தியில் கொதிக்கக் கொதிக்கப் பாயசம் பரிமாறிய வேலைக்காரி குருவம்மா, ஜமீன்தார் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். சிரிப்பா அது? வெங்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி!

ஜமீன்தார் கிண்ணத்தை ணங்கென்று வைத்தார். "பொம்பளை சிரிச்சா போச்சு! தெரியாதா உனக்கு?"

"தெரியும் சாமி. என்ன போச்சுன்னுதான் இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல."

பந்தியே தலையைக் குனிந்துகொண்டது. ஜமீன்தார் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு! நான் இலையை விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள சொல்லலேன்னா, நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை கிடையாது!"

குருவம்மா இடுப்பில் கை வைத்தபடி அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"கிடைச்சிருச்சு சாமி. உங்க இடது பக்க மீசை போச்சு. ஆவியில பசை இளகி, பாயசத்துல முந்திரியோட மிதக்குது."

ஜமீன்தாரின் கை தானாக மூக்குக்குக் கீழே போனது. ஒரு பக்கம் வழவழவென்றிருந்தது.

இத்தனை வருஷமும் வாயைப் பொத்தியே பழகிய ஜமீன்தார் மனைவியின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"அடியே குருவம்மா, இன்னொரு தடவை சிரிடி! வலது பக்கமும் போகட்டும்!"