இறுக்கிப் பிடித்த கூழ்மம்

டாக்டர் அருளானந்து இதய அறுவைச் சிகிச்சையில் பெயர் வாங்கி ஓய்வுபெற்றவர். அவருடைய குருவான பேராசிரியை தமயந்திக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் அருளானந்துவைத்தான் குரு என்று எண்ணி வணங்குவார்கள். அந்தத் தவற்றைத் திருத்த அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

மாரடைப்பில் மாண்ட தசை தழும்பாகிவிடும், தழும்பு துடிக்காது. அத்தகைய நோயாளிகளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய குறை அவரை விடாமல் அரித்தது. அதற்காகவே தமயந்தியிடம் வந்து சேர்ந்தார். புதுத் தசையாக வளரக்கூடிய குருத்தணுக்களை ஜெல்லி போன்ற கூழ்மத்தில் கலந்து, எலியின் தழும்பேறிய இதயத்தில் ஊசியால் செலுத்துவது அவர் வேலை.

கூழ்மம் இல்லாமல் செலுத்திய அணுக்களை இதயம் துடித்துத் துடித்தே வெளியே தள்ளிவிட்டது. ஆகவே கூழ்மத்தைக் கெட்டியாக்கிச் சேர்த்தார். அணுக்கள் நகரவில்லை; இருந்த இடத்திலேயே செத்தன. இன்னும் கெட்டியாக்கினார். இன்னும் விரைவாகச் செத்தன. அனுமதி பெற்ற எலிகளில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் பொய்த்தால் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான்.

"இவ்வளவு கெட்டியாப் பிடிச்சு வச்சும் ஏன் மேடம் சாகுது? நான் போட்ட தையல் ஒண்ணுகூட இதுவரைக்கும் அவிழ்ந்ததில்லை!"

தமயந்தி எழுந்து வந்து, அவருடைய வெள்ளைக் கோட்டின் பின்நுனியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்ன மேடம் இது?"

"நீங்க எங்கேயும் வழுக்கி விழுந்துடக் கூடாது பாருங்க."

அருளானந்து நுண்ணோக்கியின் பக்கம் குனிந்தார். கோட்டு பின்னுக்கு இழுத்தது. குளிர்பெட்டியைத் திறக்கக் கை நீட்டினார், எட்டவில்லை. மதியம் இருவரும் ரயில் பெட்டிகளைப் போல ஒருவர்பின் ஒருவராக உணவகத்துக்குப் போனார்கள். அங்கே சாம்பார் வாளியும் எட்டவில்லை. வெறும் சோற்றை விழுங்கிவிட்டு வந்தவர், கழிவறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இங்கேயுமா மேடம்?"

"உள்ளே தரை ஈரமா இருக்கும், டாக்டர்."

"ஐயோ, விடுங்க! இப்படிப் பிடிச்சா மனுஷன் எப்படி உயிரோட இருக்கிறது?"

தமயந்தி உடனே விட்டுவிட்டார்.

அருளானந்து உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தவர், கூழ்மத்தை இளக்க உட்கார்ந்தார்.

கடைசி எலிக்கு ஊசி போட்டாயிற்று. பின்னர் அடையாளம் காண்பதற்காக குருத்தணுக்களில் பச்சைச் சாயமும் கூழ்மத்தில் சிவப்புச் சாயமும் சேர்த்திருந்தார். சில வாரங்கள் கடந்தன. ஒருநாள் காலையில், எலியின் இதயத்தை எடுத்த படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தமயந்தியின் அறைக்குள் பதறியடித்து ஓடிவந்தார்.

"மேடம், மோசம் போயிட்டேன்! என் கூழ்மத்தைக் காணோம். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை!"

"பச்சை?"

"அது நிறைய இருக்கு. நல்லாப் பரவியிருக்கு."

"தழும்பு விழுந்த இதயச் சுவர்?"

"அது... அசையுது மேடம். துடிக்குது."

"எலி?"

"காலையிலதான் என் விரலைக் கடிச்சுது."

தமயந்தி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் யாரைத் தேடுறீங்க, டாக்டர்?"