கழுத்தோடு நின்ற பாடம்

மூடுபனிக் காட்டுக் குகையில் கரடி வைத்தியர் பாடம் நடத்தினார். கீரி, நரி, முயல் மூன்றும் மாணவர்கள். சுவரெங்கும் நோயில் செத்த மிருகங்களின் எலும்புக்கூடுகள். ஒன்றுக்கும் தலை இல்லை. தலைகளைக் கரடி பக்கத்துக் குட்டையில் எறிந்துவிடுவார்.

“ஐயா, வாயைப் பற்றி எப்போது படிப்போம்?” என்று கீரி கேட்டது.

“வாயா? அது பல் குத்தும் குருவியின் பிழைப்பு! நாம் வைத்தியர்கள். வயிற்றைப் பார்!”

மழைக்காலத்தில் கரடியே படுத்துவிட்டார். உடம்பு கொதித்தது. கண் சொருகியது.

“தட்டுகிறான்... உள்ளே ஒருவன் தட்டிக்கொண்டே இருக்கிறான்...” என்று முனகினார்.

குகைக்குள் வேறு யாரும் இல்லை.

“பேய்!” என்று நரி வாலைச் சுருட்டியது.

“உளறாதே! வயிற்றைத் தட்டிப் பார்!” என்றது முயல்.

வயிறு நன்றாகவே இருந்தது. நாடிதான் தறிகெட்டு ஓடியது. கஷாயம் கொடுத்தார்கள். வெளியே வழிந்தது. கூடவே ஓர் அழுகல் நாற்றம்.

“சாவு நாற்றம். ஆள் தேறமாட்டார்” என்றது நரி.

‘வாயிலிருந்தல்லவா வருகிறது!’ கீரிக்கு மனசு கேட்கவில்லை. குட்டைக்கு ஓடியது. கலங்கிய நீருக்கடியில் மண்டையோடுகள் பல்லைக் காட்டிக் கிடந்தன. ஒன்றை இழுத்துப் போட்டது. கடைவாய்ப் பல்லடியில் எலும்பு அரித்து ஓட்டை. இன்னொன்றிலும் ஓட்டை. மூன்றாவதன் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

கீரி திரும்பி ஓடியது.

“வாயைத் திறங்கள்!”

“அது நம் பாடமில்லையே!” என்றது முயல்.

“பாடம் கிடக்கட்டும்! நரி, தாடையைப் பிடி!”

“கடித்துவிட்டால்?”

“போவது என் தலைதானே? பிடி!”

கீரி தலையை உள்ளே விட்டது. இருட்டு. சூடு. கடைவாயில் கறுத்த பல் ஒன்று. அதைச் சுற்றி ஈறு வீங்கி, தட்... தட்... என்று துடித்தது. கவ்வி இழுத்தது. பல் வந்தது. சீழ் பீறிட்டது. கரடியின் தாடை இறுகியது. நரி உயிரைக் கொடுத்துப் பிடித்தது. கீரி வெளியே விழுந்தது.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. கரடி கண் விழித்தார். கீரி பிடுங்கிய பல்லை அவர் முன் வைத்து நடந்ததைச் சொன்னது.

“குட்டையில் கிடக்கிறவர்களுக்கும் இதுதானா?” என்று கேட்டார்.

“எடுத்துப் பார்த்த மூன்றிலும் பல்லடியில் ஓட்டை, ஐயா” என்றது கீரி.

கரடி அந்தக் கறுத்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “போய் அந்தக் குருவியைக் கூப்பிடு. நானும் உட்கார்ந்து கேட்கிறேன்” என்றார்.

வாயும் உடம்புதான், அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்காத வைத்தியப் படிப்பு ஆளைக் கொல்லும்.