பூவலிங்கம் மாமா பிடித்த இடம்

தென்காசிக் கல்யாண மண்டபத்தில் மூன்றாம் பந்தி முடியப்போகிறது. அடுத்ததுதான் கடைசி. வடிவு அத்தை சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டாள், இனி சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றால்தான் எங்கள் ஊர்ப் பக்கம் பந்தியில் இடம் கிடைக்கும். அந்தப் பொறுப்பை அத்தையின் புருஷன் பூவலிங்கம் மாமா எடுத்துக்கொண்டார். மூன்று நாற்காலிக்குப் பின்னால் கையை விரித்து நின்றவர், அப்படியே ஆரம்பித்துவிட்டார்.

"அமெரிக்கால எனக்கு வேலையே இதுதான் மருமகனே."

கல்யாணத்துக்கு முன் மாமா கப்பலில் இருந்தார். அதுவரை உண்மை. மீதி அவர் சொல்வது. அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதாம். பந்தை வீசுகிறவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள், எதிரி ஒருவனும் அவனை நெருங்கக் கூடாது. இடது ஓரத்தில் மாமா.

"இருவது வருசம் ஆடினேன். பந்தை ஒரு தடவகூடத் தொட்டதில்ல."

"கல்யாணத்தப்போ உங்களுக்கு வயசே இருவத்தாறு" என்றாள் அத்தை.

"ஆறு வயசுல சேத்துக்கிட்டான். உடம்பு அப்படி."

சம்பளம்கூடப் பெரிதில்லையாம், சாப்பாடு போடத்தான் டீம் திண்டாடியதாம். காலை முட்டைக்கென்றே ஒரு கோழிப்பண்ணையை வாங்கினார்கள். மாமா தலையைக் கண்டாலே கோழிகள் வேலி தாண்டி ஓடும். அவர் குனிந்து நின்றால் மைதானத்தில் பாதி நிழலாகிவிடும், அந்தப் பக்க டிக்கெட்டுக்கு விலை அதிகம்.

"ஒருநாள் எதிர் டீம் பதினோரு பேரும் சேந்து என்னைத் தள்ளினான். நான் அசையல. மைதானம் அசைஞ்சிட்டு. சிகாகோல ஆரம்பிச்ச ஆட்டம் பக்கத்து மாநிலத்துல போய் முடிஞ்சுது. பாக்க வந்த சனம் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போச்சு."

முன்னால் இலையை மூடத் தொடங்கிவிட்டார்கள். அத்தை மாத்திரை போட்டு அரைமணி தாண்டிவிட்டது, எனக்குப் பயமாகிவிட்டது. கதையை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நான் நிக்கும்போது எவன் வருவான்? ரிட்டயரான பெறவு கவர்மெண்டே கூப்பிட்டுது. புயல் வருது, கடற்கரையில சித்த நில்லுங்கன்னு. நின்னேன். வந்த புயல் என்னைப் பாத்துட்டு மெக்சிகோ பக்கம் திரும்பிட்டு."

அவர் முடிப்பதற்குள் முன்னால் இருந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள், விரித்த கைக்கு அடியில் ஒரு ஒல்லிப் பெண் இடுப்புப் பிள்ளையோடு புகுந்துவிட்டாள். ஒரு நாற்காலியில் பையை வைத்தாள், ஒன்றில் பிள்ளையை வைத்தாள், மூன்றாவதில் தானே உட்கார்ந்தாள். மாமா விரித்த கையை மடக்கவேயில்லை.

"தடுத்திருக்கலாம் மருமகனே. ஆனா எங்க ஆட்டத்துல ஆளைக் கையால பிடிச்சா தப்பு. பத்து கெஜம் பின்னால அனுப்பிருவான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம். தேடினால், எதிர் வரிசையில் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். மோர் குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பின்னால் சத்தமில்லாமல் போய் நின்றிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவள் இலையில் சோறு விழுந்துவிட்டது. சாம்பார் வாளி மட்டும் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அத்தை தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, புயலையே திருப்பினீங்கள்லா? அந்தச் சாம்பார் வாளியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க."