புகையாய்ப் போன பொற்கொடி

தாம்பரத்தில் ஞாயிறுதோறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, மாயாஜாலக் கதை விளையாடும் கூட்டம் ஒன்று உண்டு. கதையை நடத்துபவர் தயாளன் சார். விதிப்புத்தகத்துக்கே திருத்தம் சொல்லக்கூடியவர்.

புதிதாகச் சேர்ந்த ஜெராக்ஸ் கடைப் பொற்கொடி ஆடிய வீராங்கனை, முதல் சண்டையிலேயே செத்துப் பேயானாள்.

"இனி நீ எதையும் தொட முடியாதும்மா. உன்னையும் எதுவும் தொடாது," என்றார் சார்.

"ஒளிஞ்சு போய் வேவு பார்க்கட்டுமா சார்?"

"முடியாது. நீ கெட்டியான வெள்ளைப் புகை. எல்லார் கண்ணுக்கும் தெரிவ. பேசாம உட்காரு."

உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கதையில் ஒரு மலைப்பாலத்தில் அரக்கன் வந்தான். மற்ற மூன்று வீரர்களும் இன்னும் ஓர் அடி வாங்கினால் காலி. ஆறு மாத ஆட்டமும் அதோடு முடிந்துவிடும்.

"சார், அரக்கன் மூஞ்சிக்குள்ள என் மூஞ்சியை வச்சுக்கிறேன்."

"தொட முடியாதுன்னு சொன்னேனே!"

"தொடலை சார். கெட்டிப் புகைதானே நான்? அவனுக்குக் கண்ணு தெரியாது."

"உன்னைப் பிடிச்சுத் தள்ளிடுவான்."

"எதால சார்?"

தயாளன் சார் புத்தகத்தைப் புரட்டினார். கால் மணி நேரம் புரட்டியும் அதைத் தடுக்க ஒரு விதியும் கிடைக்கவில்லை. அரக்கன் தடுமாறிப் பாலத்திலிருந்து விழுந்தான்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன்பே மற்ற மூவரும் சாக அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள்.