சுருள்பாசியும் தலைவர் வீட்டுக் கோழிகளும்

ஊராட்சித் தலைவர் அருணகிரி தன் வீட்டு முட்டையைப் பற்றிப் பேசாத நாளில்லை. மஞ்சள் கரு செக்கச் செவேலென்று இருக்கும். எல்லாம் தன் கைராசி என்பார்.

ஒருநாள் அவர் ஆட்களோடு செல்லக்கிளியின் சுருள்பாசித் தொட்டிக்கு வந்தார். அந்தப் பாசியை உலர்த்திச் சத்துணவாக விற்றுத்தான் அவள் பிழைப்பு நடந்தது.

"குளத்து அழுக்கை வளர்த்து ஊருக்குத் தின்னக் குடுக்கிறியா? இன்னைக்கே தொட்டியை இடி!"

"இடிச்சிடுறேன் தலைவரே. உங்க கோழிங்ககிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். காயவைத்த பாசியை அவர் வீட்டுக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. அலகெல்லாம் பச்சை.

"தினமும் இங்கதான் சாப்பாடு. கரு சிவக்கிறது அதனாலதான்."

"அப்ப கைராசி யாருதுங்க?" என்று ஒரு குரல் கேட்க, கூட்டம் சிரித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, தொட்டி இருக்கட்டும்."

"அப்ப கோழி வராம வலை கட்டிடுறேன்."

"வலை எதுக்கும்மா?" என்றார் தலைவர் அவசரமாக.